கறள் பிடிக்காத போல்ட்

(இணையவழி இலக்கியச் சந்திப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இது இராச்சாப்பாட்டு நேரம். அவுஸ்திரேலியாவிலிருந்து இணைந்திருப்பவர்கள் விடியுமுன் எழுந்து வந்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் நன்றி.

இந்தச் சந்திப்பில் வழக்கமாக ஒரு நாவலையோ கவிதைத் தொகுப்பையோ எடுத்துப் பேசுவோம். இன்று நான் எடுத்திருப்பது கார் திருத்தும் கணினி விளையாட்டுகளை. தலைப்பைச் சொன்னதும் ஒருங்கிணைப்பாளர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “கடைசியில் இலக்கியத்துக்குள்ளே கொண்டு வந்துவிடுவீர்கள்தானே?” என்று கேட்டார். முயற்சி செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உண்மையில் அதிக தூரம் போகத் தேவையில்லை. ஒரு நாவலில் யதார்த்தம் எவ்வளவு இருக்க வேண்டும், சுவைக்காக எதை விடலாம், எதை விட்டால் அது பொய்யாகிவிடும் என்று நாங்கள் எத்தனையோ தடவை விவாதித்திருக்கிறோம். இந்த விளையாட்டுகளைச் செய்பவர்களும் ஆடுபவர்களும் அதே விவாதத்தை போல்ட்டையும் நட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு நடத்துகிறார்கள். இன்னும் உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. வேலை செய்து களைத்து வந்த பிறகு விளையாட்டிலும் வேலையா என்கிறது மறு தரப்பு.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. பகலில் என் தொழில் வாகனம் திருத்துவது. ஒன்ராறியோவில் அதற்கு 310எஸ் என்ற உரிமம் வேண்டும். பயிலுநராக வேலை செய்து, வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி எடுக்க வேண்டிய உரிமம் அது. இரவில் வாசிப்பேன். சில இரவுகளில் இந்த விளையாட்டுகளை ஆடுவேன். பகல் முழுக்கச் செய்ததை இரவிலும் ஏன் செய்கிறீர்கள் என்று வீட்டில் கேட்பார்கள். இன்றைய உரை ஒரு வகையில் அந்தக் கேள்விக்கான பதில்.

இரண்டு விளையாட்டுகளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இவற்றை ஆடியிராதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலாவது, கார் மெக்கானிக் சிமுலேட்டர். போலந்தைச் சேர்ந்த ரெட் டாட் கேம்ஸ் நிறுவனத்தின் தொடர் இது. 2014இல் தொடங்கி 2015, 2018, 2021 என்று ஆண்டுகளையே பெயராக வைத்துப் பதிப்புகள் வந்தன. இதில் நீங்கள் ஒரு கராஜின் சொந்தக்காரர். வாடிக்கையாளரின் கார் வந்து நிற்கும். கூடவே, முன்பக்கம் சத்தம் கேட்கிறது, பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்பது போல நாலு வரி வரும். சில வேலைகளில் எந்தப் பாகம் பழுது என்பதையும் எழுதியே தந்துவிடுவார்கள். சிலவற்றில் நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். காரை லிஃப்டில் உயர்த்தி, சில்லைக் கழற்றி, பிரேக் காலிப்பர், டிஸ்க், ஹப் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் அது எந்த நிலையில் இருக்கிறது என்று நூற்றுக்கு இத்தனை எனக் கணக்கு உண்டு. பழுதானதை மாற்றிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

போல்ட்டைக் கழற்றுவது எப்படி? அதன் மேல் சுட்டியை வைத்து பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும், அது சுழன்று வெளியே வந்துவிடும். எந்த அளவு ஸ்பனர் என்று விளையாட்டு கேட்பதில்லை. சில்லின் நட்டுக்கும் என்ஜின் தலையின் போல்ட்டுக்கும் ஒரே விரல், ஒரே பொத்தான். இதை வைத்தே பலர் இந்த விளையாட்டை மட்டம் தட்டுவார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஏனென்றால் இந்த விளையாட்டு ஒழுங்கை விட்டுக்கொடுப்பதில்லை. காலிப்பரை எடுக்காமல் டிஸ்க்கை எடுக்க முடியாது. என்ஜின் தலையை இறக்காமல் பிஸ்டனை வெளியே எடுக்க முடியாது. எது எதற்குப் பின்னால் இருக்கிறது, எது எதைத் தாங்குகிறது என்பதில் அது மிகவும் கறாரானது. எங்களிடம் பயிலுநராக வந்த ஒரு பெடியன் முதல் நாளே சஸ்பென்ஷனின் பாகங்களை எல்லாம் பெயர் சொல்லிக் காட்டினான். எங்கே படித்தாய் என்று கேட்டேன். இந்த விளையாட்டைச் சொன்னான். பெயரும் வரிசையும் அவனுக்குத் தெரிந்திருந்தன. கைக்குத்தான் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கைக்குத் தெரிய வேண்டியதைப் பொத்தான் சொல்லித் தராது.

இரண்டாவது, மை சம்மர் கார். பின்லாந்தின் அமிஸ்டெக் கேம்ஸ் என்ற மிகச் சிறிய நிறுவனத்தின் ஆக்கம். 2016 ஒக்டோபரில், முடிக்கப்படாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. எட்டு வருடங்களுக்கு மேல் வளர்த்து, 2025 ஜனவரியில்தான் முழுமையான பதிப்பை வெளியிட்டார்கள். கதை நடப்பது 1995 கோடையில், பின்லாந்தின் கிராமப்புறம் ஒன்றில். நீங்கள் ஓர் இளைஞன். பெற்றோர் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். வீட்டுக் கராஜில் ஒரு பழைய கார் பாகம் பாகமாகக் கிடக்கிறது. விளையாட்டில் அதன் பெயர் சட்சுமா. டட்சன் 100ஏ காரைப் பார்த்துச் செய்தது. அதைப் பூட்டி, ஓட வைத்து, வாகனப் பரிசோதனையில் தேற வைக்க வேண்டும்.

இங்கே ஒவ்வொரு போல்ட்டுக்கும் சரியான அளவு ஸ்பனரை எடுக்க வேண்டும். பத்து மில்லிமீற்றர் வேண்டிய இடத்தில் ஒன்பது வேலை செய்யாது. அதைவிடப் பெரிய விஷயம், யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை. ஒரு போல்ட்டை இறுக்காமல் விட்டால் எச்சரிக்கை எதுவும் வராது. கார் அதிர அதிர, எங்கோ காட்டுப் பாதையில் அந்தப் பாகம் கழன்று விழும். எண்ணெய் ஊற்ற மறந்தால் என்ஜின் போய்விடும். கார்பரேட்டரின் காற்று-எரிபொருள் கலவையைத் திருகாணியைத் திருப்பித் திருப்பி நீங்களேதான் சரிசெய்ய வேண்டும். சரியாக வந்ததா என்று சொல்ல நூற்றுக்கணக்கு இல்லை. என்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம்.

இதற்கிடையில் உங்களுக்குப் பசிக்கும், தாகமெடுக்கும், தூக்கம் வரும், உடம்பில் அழுக்குச் சேரும், மூத்திரம் முட்டும். சவுனாவில் குளித்தால் அழுக்குப் போகும். கையில் காசு இல்லாவிட்டால் ஊரார் வீட்டுக் கழிவுத் தொட்டிகளை உறிஞ்சி எடுக்கும் வேலைக்குப் போகலாம், விறகு கொண்டுபோய்க் கொடுக்கலாம். காருக்கு ஒரு விசேஷப் பாகம் வேண்டுமென்றால் தபாலில் எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். விபத்தில் செத்தால் அந்தச் செய்தி பத்திரிகையில் வரும். செத்தால் எல்லாம் போய்விட வேண்டும் என்று நீங்கள் முதலிலேயே தெரிவு செய்திருந்தால் அதுவரை பூட்டியதெல்லாம் போய்விடும்.

இந்த இரண்டில் எது யதார்த்தமானது என்று கேட்டால் பெரும்பாலானோர் பின்லாந்து விளையாட்டைத்தான் சொல்வார்கள். எது சுவையானது என்று கேட்டால், சண்டை தொடங்கிவிடும்.

நான் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். இவை எதைப் பற்றி உண்மை சொல்கின்றன? போலந்து விளையாட்டு இயந்திரத்தைப் பற்றி உண்மை சொல்கிறது. கார் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை. பின்லாந்து விளையாட்டு இயந்திரத்தோடு வாழும் மனிதனைப் பற்றி உண்மை சொல்கிறது. அந்த மனிதனுக்குப் பசி இருக்கிறது, காசு இல்லை, வழிகாட்ட ஆளில்லை. எத்தனை போல்ட் இருக்கிறது என்று எண்ணி யதார்த்தத்தை அளக்கப் போனால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

ஆனால் இரண்டு விளையாட்டுகளிலும் இல்லாத ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று அதிகம் சொல்ல விரும்புகிறேன். கறள். தமிழ்நாட்டு நண்பர்கள் துரு என்பார்கள். போலந்து விளையாட்டில் கறள் நிறமாக இருக்கிறது. பாகம் பழையதென்றால் செம்மண் நிறத்தில் தெரியும். ஆனால் எவ்வளவு கறள் பிடித்த பாகத்திலும் போல்ட் சுழன்றுதான் வரும். பின்லாந்து விளையாட்டிலும் சரியான ஸ்பனர் கிடைத்துவிட்டால் போல்ட் வந்துவிடும்.

ரொறன்ரோவில் பனிக்காலம் வந்தால் வீதிகளுக்கு உப்புக் கொட்டுவார்கள். பனி உருகும், விபத்துக் குறையும். அந்த உப்புத்தண்ணீர் காரின் அடிப்பக்கம் முழுக்க ஏறும். பத்து வருடம் இந்த ஊரில் ஓடிய காரின் அடியில் படுத்துப் பார்த்தால் எது போல்ட்டின் தலை, எது கறளின் கட்டி என்று தெரியாது. அறுகோணமாக இருந்த தலை உருண்டையாகியிருக்கும். ஸ்பனர் வழுக்கும். என் வேலை நாளின் பெரும்பகுதி கார் திருத்துவதில் போவதில்லை. திருத்த வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதில்தான் போகிறது.

இதில் பணமும் இருக்கிறது. வட அமெரிக்காவில் பல கராஜ்களில் மெக்கானிக்குக் கூலி கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு காருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று ஒரு கையேடு சொல்கிறது. புத்தக நேரம் என்போம். புத்தகம் 2 மணி என்றால் 2 மணிக்கான கூலி. ஒரு மணியில் முடித்தாலும் அதுதான், 5 மணி எடுத்தாலும் அதுதான். ஒரு போல்ட் இறுகி, முறிந்து, அதைத் துளைத்து எடுக்க மத்தியானம் முழுக்கப் போய்விட்டால், அந்த மத்தியானம் என்னுடைய செலவு. சில முதலாளிகள் மேலதிகமாகப் போட்டுத் தருவார்கள். எல்லோரும் தரமாட்டார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் கையேட்டின் மணிக்கணக்கு, வர வேண்டிய போல்ட் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் போடப்பட்டது. அதுவும் ஒரு சிமுலேட்டர்தான். கறள் பிடிக்காத ஒரு காரைக் கற்பனை செய்து, அந்தக் கற்பனையின்படி எனக்குக் கூலி தருகிறது. இரவில் நான் ஆடும் விளையாட்டும் அதே கறள் பிடிக்காத காரைத்தான் கற்பனை செய்கிறது. விளையாட்டில் அந்தக் கற்பனை எனக்குச் சந்தோஷம் தருகிறது. புத்தகத்தில் அதே கற்பனை என் சம்பளத்திலிருந்து கழிகிறது. ஒன்றைச் சுவைக்காக விட்டார்கள், மற்றதை வசதிக்காக விட்டார்கள். எதை விடுகிறோம் என்பதை மட்டும் பார்த்தால் போதாது, விட்டதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இங்கேதான்.

சரி, கறளே இல்லாத விளையாட்டு ஒரு மெக்கானிக்குக்கு ஏன் பிடிக்க வேண்டும்? இங்கே தொல்காப்பியம் எனக்கு உதவியது. ஒருங்கிணைப்பாளருக்கு இப்போது நிம்மதியாக இருக்கும். பொருளதிகாரத்தில் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டு வருகின்றன. உலகியல் வழக்கு என்பது உலகில் நடப்பதை நடப்பதுபோலவே சொல்வது. நாடக வழக்கு என்றால் நாங்கள் இன்றைக்கு நினைக்கும் மேடை நாடகம் இல்லை. உலகத்தில் அங்குமிங்குமாக, எப்போதாவது நடக்கும் இனிய விஷயங்களை ஒரே இடத்தில் நடந்தவைபோல் கூட்டி வைத்துச் சொல்வது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். தலைவன் அழகன், தலைவி அழகி, இருவரும் தனித்து வந்து சந்திக்கும் இடமும் அழகு. இவை ஒவ்வொன்றும் உலகத்தில் உண்டு. எல்லாம் ஒரே மாலையில் சேர்ந்து வருவதுதான் இல்லை. இந்த இரண்டு வழக்கும் கலந்ததே செய்யுளின் வழி என்கிறார் தொல்காப்பியர்.

போலந்து விளையாட்டு நாடக வழக்கு. என் தொழிலில் நல்ல நாட்கள் உண்டு. போல்ட் இலகுவாக வரும், பழுது முதலிலேயே பிடிபடும், பாகம் கையிருப்பில் இருக்கும், வாடிக்கையாளர் விலை பேச மாட்டார். இவை ஒவ்வொன்றும் எப்போதாவது நடப்பவை. எல்லாம் ஒரே காரில் சேர்ந்து நடப்பதில்லை. அந்த விளையாட்டில் ஒவ்வொரு காரிலும் அப்படித்தான் நடக்கிறது. பகலில் எனக்குக் கிடைக்காத அந்த முழு நாளைத்தான் நான் இரவில் ஆடுகிறேன். வீட்டில் கேட்கும் கேள்விக்குப் பதிலில் பாதி இது.

மறுபாதிக்கு, யதார்த்தம் கூடினால் சுவை குறைந்தேதீருமா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பென், டெல்லர் என்ற அமெரிக்க மந்திரவித்தைக்காரர் இருவருக்காக 1995இல் ஒரு விளையாட்டுத் தொகுப்புச் செய்தார்கள். அது அப்போது விற்பனைக்கு வரவே இல்லை. அதில் ஒன்றின் பெயர் டெசர்ட் பஸ். அரிசோனாவின் டூசான் நகரிலிருந்து லாஸ் வேகஸுக்கு ஒரு பஸ் ஓட்ட வேண்டும். உண்மையில் எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம், ஏறத்தாழ 8 மணி. பாதை நேரானது. பயணிகள் இல்லை. நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பஸ் மெல்ல வலது பக்கம் இழுக்கும் என்பதால் கையை எடுத்துவிட்டுப் போகவும் முடியாது. பாதையைவிட்டு விலகினால் டூசானுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள், அதுவும் உண்மையான நேரத்தில். வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்தால் கிடைப்பது ஒரு புள்ளி. வன்முறை விளையாட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று அமெரிக்காவில் சத்தம் போட்டவர்களுக்குப் பதிலாகச் செய்த நையாண்டி அது. நிஜத்தைப் போலவே வேண்டுமா, இந்தாருங்கள் என்கிறது.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 இருக்கிறது. செக் நாட்டு எஸ்சிஎஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்டது. லொறியின் உட்புறமும் கண்ணாடிகளும் பின்னால் இழுக்கும் பெட்டியின் அசைவும் மிக நுணுக்கமானவை. ஆனால் அதன் ஐரோப்பா, உண்மையான ஐரோப்பாவை ஏறத்தாழ 19இல் ஒரு பங்காகச் சுருக்கியது. ஒரு நாள் பயணம் ஒரு மணிக்குள் முடிந்துவிடும். தொழில்முறை லொறிச் சாரதிகளும் அதை விரும்பி ஆடுகிறார்கள். தூரத்தைச் சுருக்கியதைப் பொய் என்று அவர்கள் சொல்வதில்லை. லொறியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தும்போது பெட்டி தவறான பக்கம் திரும்பினால்தான் கோபப்படுவார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு யதார்த்தம் ஆடுபவரை முடிவெடுக்க வைக்கிறதா, வெறுமனே காத்திருக்க வைக்கிறதா? பின்லாந்து விளையாட்டில் தபாலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்றேன். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் விறகு கொண்டுபோகிறீர்கள், குளிக்கிறீர்கள், கடைக்குப் போகிறீர்கள். அந்தக் காத்திருப்புக்குள்ளே ஒரு வாழ்க்கை நடக்கிறது. டெசர்ட் பஸ்ஸில் பாதையைத் தவிர ஒன்றுமில்லை.

இதே அளவுகோலை கறளுக்கும் வைத்துப் பாருங்கள். போலந்து விளையாட்டுக்காரர்கள் நாளைக்கே யதார்த்தம் வேண்டுமென்று, கறள் பிடித்த போல்ட்டுக்குப் பொத்தானை 2 வினாடிக்குப் பதிலாக 20 வினாடி அழுத்திப் பிடிக்க வைத்தால் என்ன ஆகும்? சலிப்பு மட்டும்தான் கூடும். உண்மை ஒரு துளியும் கூடாது. ஏனென்றால் இறுகிய போல்ட்டின் முன்னால் ஒரு மெக்கானிக் காத்திருப்பதில்லை, யோசிக்கிறார். எண்ணெய் அடித்து ஊறவிட்டு வேறு காரைப் பார்க்கலாம், ஆனால் இந்தக் கார் லிஃப்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நெருப்பு வைத்துச் சூடாக்கலாம், ஆனால் பக்கத்தில் இறப்பர் புஷ் இருக்கிறது, எரிபொருள் குழாய் இருக்கிறது. இம்பாக்ட் கன் போட்டு அடிக்கலாம், ஆனால் தலை முறிந்தால் உள்ளே இருப்பதைத் துளைத்தெடுக்க வேண்டும். வெட்டி எறிந்துவிட்டுப் புதிய பாகம் போடலாம், ஆனால் முதலில் வாடிக்கையாளருக்குத் தொலைபேசி எடுத்து விலை கூடும் என்று சொல்ல வேண்டும். நான்கு வழி, நான்கிலும் ஆபத்து. எது சரியென்று செய்து பார்க்கும்வரை தெரியாது. இதைவிட நல்ல விளையாட்டு என்ன இருக்கிறது? யாராவது இதைச் சரியாகச் செய்தால் யதார்த்தமும் சுவையும் ஒரே போல்ட்டில் வந்து நிற்கும்.

இதை எழுத்தில் செய்து காட்டியவர் ராபர்ட் பிர்சிக். அவருடைய ‘ஸென் அண்ட் தி ஆர்ட் ஒஃப் மோட்டர்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ 1974இல் வந்தது. அதில் ஒரு மூடியைத் திறக்க முடியாமல் ஒரு திருகாணி இறுகி நிற்கும் பகுதி இருக்கிறது. சில சதத்துக்குக் கடையில் கிடைக்கும் திருகாணி, இறுகி நின்ற அந்தக் கணத்தில் முழு மோட்டார் சைக்கிளின் விலைக்குச் சமமாகிவிடுகிறது என்று அவர் காட்டுகிறார். தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோன இடத்தில்தான் உண்மையான கவனம் தொடங்குகிறது என்பது அவர் வாதம். இயந்திரத்தில் ஆயிரம் திருகாணிகள் உண்டு. அவர் அத்தனையையும் எழுதவில்லை. வர மறுத்த ஒன்றை எழுதினார்.

இயல்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று நாங்கள் போன வருடங்களில் பேசியிருக்கிறோம். எனக்கு அது இப்படித்தான் விளங்குகிறது: முதலாவது எல்லாப் போல்ட்டையும் எண்ணுகிறது, இரண்டாவது இறுகிய போல்ட்டைத் தேடுகிறது.

இன்னும் ஒன்று. போலந்து விளையாட்டில் வாடிக்கையாளருக்கு முகம் இல்லை. அவர் நாலு வரி எழுத்து. பிரேக் வேலை முடிந்து காரைக் கொடுத்ததும் அது திரையிலிருந்து மறைந்துவிடும். அந்தக் கார் பிறகு எங்கே போனது, மழையில் நெடுஞ்சாலையில் சடுதியாக நிறுத்த வேண்டி வந்ததா, பின்னிருக்கையில் யார் இருந்தார்கள் என்று விளையாட்டுக்கு அக்கறை இல்லை. நான் சில்லின் நட்டுகளை ஒரு தடவை இறுக்கி, காரைக் கீழே இறக்கிய பிறகு டார்க் ஸ்பனரால் ஒவ்வொன்றாக மறுபடியும் பார்ப்பேன். சிறிய கார்களில் பெரும்பாலும் 80 முதல் 100 அடி-பவுண்ட் வரை வரும். அந்த ‘கிளிக்’ சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். அந்தச் சத்தத்தில் எனக்கு யாரோ ஒருவருடைய பிள்ளையின் முகம் தெரியும். பின்லாந்து விளையாட்டு இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. அங்கே கவனக்குறைவின் விலையைக் கொடுப்பது நீங்கள்தான், உங்கள் காரில் போய் நீங்களே சாகிறீர்கள். அது நேர்மையான தீர்வு. ஆனால் மெக்கானிக்கின் பயம் அதுவல்ல. அவருடைய பயம் அடுத்தவருடைய உயிரைப் பற்றியது. அந்தப் பயத்தை இன்னும் எந்த விளையாட்டிலும் நான் காணவில்லை. அது வந்தால் சுவை கெட்டுவிடும் என்று சொல்வார்கள். நான் நம்பவில்லை. பயம் இல்லாத இடத்தில் கவனம் இருக்காது. கவனம் இல்லாமல் எந்த விளையாட்டும் சுவைக்காது.

முடிப்பதற்கு முன், கேட்டுக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களுக்கு ஒன்று. நாங்கள் புலம்பெயர்ந்து வந்து செய்யாத வேலை இல்லை. உணவகச் சமையலறை, தொழிற்சாலை, பெற்றோல் நிலையம், துப்புரவு, லொறி, கராஜ். எங்கள் கதைகளில் அவை வருகின்றன. ஆனால் பெரும்பாலும் துன்பமாக மட்டும் வருகின்றன. குளிர், களைப்பு, அவமானம், ஊர் நினைவு. வேலையின் திறமை வருவது குறைவு. நூறு பேருக்குச் சமைக்கும் சமையலறையில் பத்துச் சட்டிகளையும் ஒரே நேரத்தில் கவனிக்கும் மனிதரின் மூளை என்ன செய்கிறது என்பதை நான் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. கார் மெக்கானிக் சிமுலேட்டர் துன்பத்தை எடுத்துவிட்டுத் திறமையை மட்டும் காட்டுகிறது. எங்கள் கதைகள் பல திறமையை எடுத்துவிட்டுத் துன்பத்தை மட்டும் காட்டுகின்றன. இரண்டும் பாதிதான். அந்த விளையாட்டைப் பார்த்து இது யதார்த்தம் இல்லை என்று சிரிக்கும்போது, எங்கள் பாதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டும் சேர்ந்து வர முடியும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. பூமணியின் ‘பிறகு’ 1979இல் வந்தது. செருப்புத் தைக்கும் அழகிரியின் கைவேலையும் அவன் மீது ஊர் வைத்திருக்கும் அதிகாரமும் அந்த நாவலில் சேர்ந்தே வருகின்றன. தோலைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது ஊரில் மற்றவர்களுக்குத் தெரியாது. அது தெரிந்தும் ஊர் அவனை எங்கே வைத்திருக்கிறது என்பதுதான் வலிக்கிறது. திறமையைக் காட்டியிருக்காவிட்டால் அந்த வலி இவ்வளவு ஆழமாக இறங்கியிராது.

பகலில் செய்வதை இரவிலும் ஏன் ஆடுகிறேன் என்பதற்கான மறுபாதிப் பதில் இதுதான். என் வேலையில் யோசிக்க இருக்கிறது, ரசிக்க இருக்கிறது என்று அந்த விளையாட்டைச் செய்தவர்கள் நம்பினார்கள். காசு கொடுத்து வாங்கி, தங்கள் ஓய்வு நேரத்தில் நான் பகலில் செய்வதைச் செய்து பார்க்க உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். கறளை அவர்கள் அறிய மாட்டார்கள். பரவாயில்லை. அதை எழுதுவதற்கு நாங்கள் இருக்கிறோம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். உங்கள் காரில் வரும் சத்தத்தைப் பற்றிய கேள்விகளை மட்டும் தயவுசெய்து கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.